இருபத்தொரு பணியாரம்

தம்பி, டிக்கெட் எடுத்துட்டீங்களா? எடுத்தாச்சா. எது வரைக்கும், பெருநாழியா? அடடா. இல்ல, எங்கிட்ட சாயல்குடிக்கு ஒண்ணு கூடுதலா இருக்கு, அதான் கேட்டேன். கண்டக்டர் வந்து நின்னதும் வாய் தவறி ரெண்டுன்னுட்டேன். அவரும் ரெண்டு சீட்டைக் கிழிச்சுக் கையில திணிச்சுட்டு முன்னால போயிட்டாரு. இனி திருப்பிக் குடுத்தா வாங்குவாரா? இருந்துட்டுப் போகுது. பையை இப்படிக் கீழ வைங்க, மேல வச்சா பிரேக் போடுறப்ப உருண்டு வரும்.

நான் வாத்தியாருங்க. கம்பம் பக்கம். அஞ்சாங்கிளாஸ். பேரு சென்றாயன். முப்பத்தொரு வருஷ சர்வீஸ். நான் போட்ட கணக்குல இது வரைக்கும் ஒருத்தன் தப்புன்னு விரல் நீட்டுனதில்ல. இந்த வருஷம்தான் நீட்டிட்டாங்க. அதுவும் யாரு, பணியாரம் சுடுற ஒரு பொம்பள. நீங்க பொதுவான ஆளு, உங்களுக்கு என்னையும் தெரியாது அந்தம்மாவையும் தெரியாது. நான் முழுசாச் சொல்றேன், நீங்களே சொல்லுங்க யார் மேல தப்புன்னு.

போன ஆகஸ்ட்ல மதுரையில ஒரு பயிற்சி வச்சாங்க. எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்தவங்க பிரிஜித்தா டீச்சர். சாயல்குடி தாண்டி கடலோரத்துல ஒரு சின்ன ஊரு, அங்க அவங்களும் அஞ்சாங்கிளாஸ். பயிற்சி குடுத்தவரு சொன்னாரு, ரெண்டு ரெண்டு பள்ளிக்கூடமா சேந்துக்கங்க, உங்க புள்ளைங்க கணக்கு எழுதி அவங்களுக்கு மெயில்ல அனுப்பட்டும், அவங்க போட்டு விடை அனுப்பட்டும், அவங்க எழுதுறதை நீங்க போடுங்கன்னு. வெறும் எண்ணு இல்ல, வாழ்க்கைக் கணக்கு. சந்தையில இத்தனை வாங்குனான், இத்தனை பேருக்குக் குடுத்தான்னு வாக்கியத்துல வருமே, அது. ஒரே ஒரு நிபந்தனை. புத்தகத்தைப் பாத்து எழுதக் கூடாது. புள்ளைங்க வீட்டுல நெசமா நடந்ததா இருக்கணும்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு. எச்.எம். ரூம்ல ஒரே ஒரு கம்ப்யூட்டரு. நெட்டு என் போன்ல இருந்துதான், போனை ஜன்னல் கம்பியில கயிறு போட்டுக் கட்டுனாத்தான் சிக்னல் வரும். இருபத்து மூணு புள்ளைகளும் என் முதுகுல ஏறாத குறையா நிக்கும். நான் ஒத்தை விரல்ல தமிழ் அடிப்பேன். அடிக்கிறதுக்குள்ள மணி அடிச்சிரும். ஆனா ஒரு புள்ளயும் வீட்டுக்குப் போகாது. கல்யாண வீடு மாதிரி இருக்கும் தம்பி, நெசமாச் சொல்றேன்.

எங்க புள்ளைங்க திராட்சைப் பெட்டியப் பத்தி எழுதும். அந்தப் புள்ளைங்க மீனு, நண்டுன்னு எழுதும். ஒருத்தன் எழுதியிருந்தான், 'அப்பா பிடித்த நண்டு பதினேழு. ஐந்து வீட்டுக்குப் பங்கு. வீட்டுக்கு மூன்று. மீதி இரண்டு நண்டு ஓடிப்போய்விட்டது. எத்தனை நண்டு பங்கு போட்டோம்?' இது ஒரு கணக்கா? விடையை அவனே சொல்லிட்டான், அதுலயும் நண்டு ஓடிப்போச்சாம். நான் உடனே பதில் போட்டேன். 'நண்டு பதினைந்து என்று திருத்திக்கொள்ளவும்.' டீச்சர் போன் பண்ணிச் சிரிக்கிறாங்க. "சார், நண்டு நெசமாவே ஓடிருச்சு சார். இவன் வெரட்டிக்கிட்டுப் போயி முழங்காலை ஒடச்சுக்கிட்டு வந்து நிக்கிறான் சார்."

எனக்கு மீதி புடிக்காது. அது என் சுபாவம். வகுத்தா முழுசா விழணும், விழுந்து அடியில ஒரு சைபர் உக்காரணும். அந்த சைபரைப் பாத்தா மனசுக்கு ஒரு நிம்மதி. முப்பத்தொரு வருஷமா நான் எழுதிப்போட்ட வகுத்தல்ல மீதி வந்ததில்ல. வீட்டுல ஜெகதா கூடக் கிண்டல் பண்ணுவா, "உங்களுக்குச் சோத்துச் சட்டியிலயும் மீதி வரக் கூடாது"ன்னு. புள்ளைங்க எழுதிக் குடுக்குறதையும் அப்படியே அனுப்ப மாட்டேன். டைப் பண்றப்பவே எண்ணை மாத்திருவேன். பதிமூணை பன்னெண்டு ஆக்குவேன், பத்தொம்பதை இருவதாக்குவேன். அதுகளுக்குத் தெரியவும் தெரியாது. நல்லதுக்குத்தானே பண்றோம்?

பொங்கல் முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறந்த வாரம். கார்த்தீஸ்வரின்னு ஒரு புள்ள, ரெண்டாவது வரிசையில ஓரத்துல உக்காரும். வாயத் தொறக்காது, ஆனா கையெழுத்து முத்து முத்தா இருக்கும். அது ஒரு கணக்கு எழுதிக் குடுத்துச்சு. மனப்பாடமா இருக்கு எனக்கு. 'எங்கள் பணியாரச் சட்டியில் ஏழு குழி. அம்மா மூன்று தடவை ஊற்றினார். வீட்டில் இரண்டு பேர். ஆளுக்கு எத்தனை பணியாரம்? மீதி யாருக்கு?'

நல்ல கணக்கு. முதல்ல பெருக்கணும், அப்புறம் வகுக்கணும். ஏழு மூணு இருபத்தொண்ணு. ஆனா ரெண்டால வகுக்கிறது மூணாங்கிளாஸ் பாடம் தம்பி. அதோட ஆளுக்குப் பத்து போக ஒண்ணு மீதி நிக்குது. இருபத்தொண்ணை எதால வகுத்தா அழகா விழும்? மூணால. ஆளுக்கு ஏழு, அடியில சைபர். அந்தக் கணக்கு மூணுக்குன்னே பொறந்த மாதிரி இருந்துச்சு. ரெண்டு பேர்ங்கிறதை மூணு பேருன்னு அடிச்சேன். கடைசி வரிய எடுத்துட்டேன். எத்தனை மீதின்னு கேட்டா கணக்கு. யாருக்குன்னு கேட்டா அது கணக்கா?

அவங்கப்பா வீட்டுல இல்லைன்னு எனக்குத் தெரியாதுங்க. திருப்பூருக்கு வேலைக்குப் போனவரு அங்கயே இன்னொரு குடும்பம் வச்சுக்கிட்டாருன்னு ஊருக்கே தெரியுமாம். எனக்கு யாரு சொன்னா? நான் பள்ளிக்கூடம் விட்டா வீடு, வீடு விட்டா பள்ளிக்கூடம். கேட்டிருக்கலாம்னு எச்.எம். சொல்றாங்க. புள்ளைங்ககிட்ட வீட்டு விவகாரம் கேக்குறது என் வழக்கமில்ல. என்கிட்டயும் யாரும் கேக்குறதில்லயே.

அடுத்த வெள்ளி விடை வந்துச்சு. நான் சத்தமா வாசிச்சேன். 'ஆளுக்கு ஏழு பணியாரம். மீதி இல்லை. கார்த்தீஸ்வரி, நீயும் அம்மாவும் அப்பாவும் ஏழு ஏழு சாப்பிட்டீர்களா? எங்களுக்கு ஆசையாக இருக்கிறது.' அந்தப் புள்ளைங்க எப்பவும் கீழ இப்படி எதையாவது சேத்து எழுதும். வாசிச்சு முடிக்கல, பின்னால ஒரு பய, "அவங்கப்பாதான் ஓடிப் போயிட்டாரே சார்"ங்கிறான். எல்லாம் சிரிக்குது. நான் மேசையத் தட்டி அடக்குனேன். கணக்குல என்னடா அப்பா ஆத்தான்னேன்.

எல்லாரும் போன பெறகு கார்த்தீஸ்வரி மட்டும் நின்னுச்சு. "சார், மூணு பேருன்னு நீங்களா சார் போட்டீங்க?"

"ஆமா."

"நாங்க ரெண்டு பேருதான் சார்."

"சாருக்குத் தெரியாதா? சார் போட்டா சரியாத்தான் இருக்கும். போ."

அவ்வளவுதான் தம்பி நான் சொன்னது. நூறு புள்ளைங்ககிட்ட நூறு தடவை சொன்ன வார்த்தை.

அந்தப் புள்ள என்ன நெனச்சிருக்கு தெரியுமா? சாருக்குத் தெரியாதது இல்ல. சாரே மூணு பேருன்னு போட்டிருக்காரு, அப்ப அப்பா வரப் போறாருன்னு சாருக்குச் சேதி வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை அம்மாவ அரிச்சு எடுத்துப் பணியாரம் சுடச் சொல்லி, ஏழை எண்ணித் தூக்குவாளியில போட்டு மூடிக்கிட்டு, பஸ் ஸ்டாப்புல போயி உக்காந்திருச்சு. காலையில போனது. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எந்திரிச்சு நின்னிருக்கு. பொழுது சாயுற வரைக்கும்.

திங்கக்கிழமை அவங்கம்மா வந்துருச்சு. லோகமணின்னு பேரு. பேக்கிங் ஷெட்டுக்கு வேலைக்குப் போற அவசரத்துல, தலையில துண்டக் கட்டுனபடி நேரா என் கிளாஸுக்குள்ள. கையில அந்தத் தூக்குவாளி. டேபிள் மேல டங்குன்னு வச்சுச்சு.

"என் மக ரெண்டுன்னு எழுதுனா. அதை மூணாக்க நீங்க யாரு சார்?"

நான் பொறுமையாத்தான் பேசுனேன். உக்காருங்கம்மான்னு சொல்லி, போர்டுல போட்டுக் காட்டுனேன். நெசமாத்தான். இருபத்தொண்ணு வகுத்தல் ரெண்டு, பத்து, மீதி ஒண்ணு. இருபத்தொண்ணு வகுத்தல் மூணு, ஏழு, மீதி சைபர். "பாத்தீங்களாம்மா, இப்பத்தான் கணக்கு முழுசா விழுகுது"ன்னேன்.

அந்தம்மா போர்டையே பாத்துச்சு. சத்தம் போடுறதை நிறுத்திருச்சு. அதுதான் எனக்கு என்னமோ போல இருந்துச்சு.

"அந்த மீதி ஒண்ணு வந்தா வந்துட்டுப் போகுது சார். உங்களுக்கு என்ன பண்ணுது அது? அந்த ஒண்ண நாங்க பிச்சு ஆளுக்குப் பாதி திம்போம். யாருக்குப் பெரிய பாதின்னு சண்டை போடுவோம். நாள் பூரா உம்முன்னு இருக்குற புள்ள அப்பத்தான் சார் சிரிப்பா. அதையும் புடுங்கிட்டீங்களே."

சொல்லிட்டுப் போயிருச்சு. தூக்குவாளியை எடுக்கல. சாயந்தரம் தொறந்து பாத்தேன், ஏழும் அப்படியே இருந்துச்சு, ஊசிப்போயி.

எச்.எம். அம்மா அன்னைக்கே சொல்லிட்டாங்க. "சார், வம்பு வேணாம். மெயிலு கியிலெல்லாம் நிறுத்திருங்க." அதிகாரம் அவங்களுது. நான் பிரிஜித்தா டீச்சருக்கு 'நிர்வாகக் காரணங்களால்' அப்படின்னு ஆரம்பிச்சு நாலு வரி அனுப்புனேன். கார்த்தீஸ்வரி பள்ளிக்கூடம் வருது, போகுது. என் முகத்தைப் பாக்குறதில்ல. கணக்கு நோட்டுல எண்ணு மட்டும் இருக்கும், ஒரு வார்த்தை இருக்காது.

எனக்கு வெள்ளிக்கிழமை போச்சு. அதுதான் தம்பி என் வருத்தம். மத்தவங்களுக்கு வெள்ளிக்கிழமைன்னா கோயிலு, சந்தை, சனி ஞாயிறு லீவு. எனக்கு அந்த ஒரு பீரியடுதான் இருந்துச்சு. கடைசி மணி அடிச்சதும் புள்ளைங்க பையத் தூக்கிக்கிட்டு ஓடுதுங்க. நான் மட்டும் போனை ஜன்னல்ல கட்டி வச்சுட்டு உக்காந்திருப்பேன். ஒண்ணும் வராது, தெரியும். பாங்குக்காரன் அனுப்புன விளம்பரம் வரும். அதையும் ரெண்டு தடவை வாசிப்பேன்.

மூணு வெள்ளி பாத்தேன். அப்புறம் பள்ளிக்கூடத்துப் பேர்ல இல்லாம என் சொந்தப் பேர்ல ஒரு கணக்கு அனுப்புனேன். புள்ளைங்க பயிற்சி விட்டுப் போகக் கூடாதே, அதுக்காகத்தான். நிபந்தனைப்படி வீட்டுல நடந்ததையே எழுதுனேன். 'ஒரு வீட்டில் தினமும் காலையில் இரண்டு டம்ளர் தேநீர் போடப்படுகிறது. 425 நாளில் மொத்தம் எத்தனை டம்ளர்?' சுலபமான பெருக்கல். மீதி வர வழியே இல்ல, வகுத்தாத்தானே வரும்.

மறுநாளே பதில். '850 டம்ளர்.' சரி. அதுக்குக் கீழ, 'சார், அது உங்கள் வீடுதானே? டீச்சர் சொன்னார்கள். நீங்கள் தனியாக இருக்கிறீர்களாம். இரண்டாவது டம்ளர் யாருக்கு?'

பாருங்க. கேட்டதுக்குப் பதில் சொன்னாப் போதாதா? இதுகளும் யாருக்கு யாருக்குங்குது.

ஜெகதா போயி பதினஞ்சு மாசமாச்சு தம்பி. நெஞ்சு வலின்னா, ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. புள்ள குட்டி இல்ல எங்களுக்கு. நாங்க ரெண்டே பேருதான். டீ ரெண்டு டம்ளர் போடுறது வேற ஒண்ணுக்கும் இல்ல. ஒரு டம்ளர் பால் வச்சா பாத்திரத்துல அடிப்புடிக்குது, அதுக்குத்தான். ரெண்டாவதை நான் குடிக்கிறதில்ல, மூடி வைப்பேன். சாயந்தரம் வந்து ஊத்திருவேன். பாத்திரம் சின்னதா ஒண்ணு வாங்குனா சரியாப் போகும். வாங்கல. நானூத்தி இருபத்தஞ்சுன்னு ஏன் போட்டேன்னு கேக்குறீங்களா? அன்னைக்கு அத்தனை நாள் ஆகியிருந்துச்சு.

கஷ்டமாத்தான் இருக்கு தம்பி. இல்லைன்னா சொல்லப் போறேன்? வீட்டுக்குள்ள நொழைஞ்சா ஒரு சத்தம் இல்ல.

அந்தக் கேள்விக்குப் பதில் அடிக்க எத்தனையோ தடவை உக்காந்தேன். 'பால் அடிப்பிடிக்கும் காரணத்தால்' வரைக்கும் அடிப்பேன். அழிச்சிருவேன். மெயில்ல அது சரியா வரல. சரி, நேர்ல போயி அந்தப் புள்ளைங்களுக்கு எடுத்துச் சொல்லிரலாம், கணக்குன்னா கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதணும்னு. டீச்சருக்கு போன் போட்டேன். "வாங்க சார், வெள்ளிக்கிழமையே வாங்க, நாலு மணி வரைக்கும் புள்ளைங்களை வச்சிருக்கேன்"னாங்க. ஒரு நாள் லீவு எழுதிக் குடுத்துட்டு, விடியக் கருக்கல்ல கம்பத்துல பஸ் ஏறி, மதுரையில மாறி, இப்ப உங்க பக்கத்துல.

நேத்து கிளாஸ்ல சொன்னேன், நாளைக்கு அந்தக் கடக்கரைப் புள்ளைங்களைப் பாக்கப் போறேன்னு. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. சாயந்தரம் கேட்டைப் பூட்டிட்டுத் திரும்புறேன், கார்த்தீஸ்வரி நிக்குது. ரெண்டு மாசமா வாய் தொறக்காத புள்ள. மடிச்ச ஒரு காகிதத்தை நீட்டுச்சு.

"சார், இதை அவங்ககிட்ட குடுப்பீங்களா?"

"குடுக்குறேன் தாயி."

"அப்படியே குடுப்பீங்களா?"

"அப்படியே குடுக்குறேன்."

"சத்தியமா?"

ஒரு வாத்தியாரைப் பாத்து அஞ்சாங்கிளாஸ் புள்ள சத்தியம் கேக்குது. குடுத்தேன். என்ன பண்றது? இந்தா, சட்டைப் பையில இருக்கு. பாருங்க. அதே கணக்குதான். ஏழு குழி, மூணு தடவை, வீட்டில் இரண்டு பேர். 'இரண்டு' கீழ கோடு போட்டிருக்கு பாருங்க, ஸ்கேல் வச்சு. 'மீதி யாருக்கு?' அந்த வரியும் இருக்கு. இது போயிச் சேந்தாத்தான் அந்தப் புள்ள என் மூஞ்சியைப் பாக்கும். எனக்கு வேண்டியதெல்லாம் அதுதான்.

ஆனா ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. காலையில இருந்து கை துறுதுறுங்குது. பேனா பையிலதான் இருக்கு. பேரை மாத்த வேணாம், ஆளை மாத்த வேணாம். சட்டியில எட்டுக் குழின்னு ஒரே ஒரு எண்ணு. எட்டு மூணு இருபத்து நாலு, ஆளுக்குப் பன்னெண்டு. எவ்வளவு சுத்தமா விழுகுது பாருங்க. யாருக்கு நட்டம்? உசிலம்பட்டிகிட்ட ஒரு தடவை பேனாவை எடுத்தே எடுத்துட்டேன். மூடி கூடத் தொறந்தேன். அப்புறம் அந்தக் கோடு கண்ணுல பட்டுச்சு. இந்தாங்க, பேனாவை நீங்க வச்சிருங்க தம்பி. பெருநாழி வரைக்கும். எறங்குறப்பக் குடுங்க. சத்தியம் பண்ணிட்டேன்ல.

என்னது, பஸ் நிக்குது? அருப்புக்கோட்டை தாண்டிட்டோமே. ஓ, செக்கிங்கா. காக்கிச் சட்டை ரெண்டு பேரு ஏறுறாங்க பாருங்க. உங்க சீட்டைக் கையில எடுத்து வச்சுக்கங்க. எனக்கு ஒண்ணும் பயமில்ல, ஒண்ணுக்கு ரெண்டா இருக்கு.

இந்தாங்க சார். ஆமா சார், சாயல்குடி. ரெண்டுதான் சார். இவரா? இல்ல சார், இவரு பெருநாழி, இவருக்குத் தனிச் சீட்டு இருக்கு. இல்ல சார், பின்னாலயும் யாரும் இல்ல. லேடீஸ் சீட்டுலயும் இல்ல.

நான் ஒருத்தன்தான் சார். ஒண்ணு மீதி.

பாத்தீங்களா தம்பி, அதுக்கு மேல அவரு ஒண்ணுமே கேக்கல. ரெண்டையும் கிள்ளிக் கையில குடுத்துட்டுப் போயிட்டாரு. நான் என்னமோன்னு நெனச்சேன். அந்தப் புள்ளைங்களுக்கும் இப்ப அவருகிட்ட சொன்னதைத்தான் சொல்லணும் போல. ஒரே ஒரு வரி. மெயில்லயே அடிச்சிருக்கலாம். இதுக்குப் போயி எதுக்கு இத்தனை தூரம் பஸ் ஏறி வந்தேன்னு எனக்கே தெரியல.